மந்திரிக்கு வைத்த பேனர்

மந்திரி ஆனவருக்குப் பேனர் வைக்கக் கூடாது என்று உலகத்தில் எங்கேயாவது சட்டம் உண்டா? மரக்காணத்தில் கேட்டால் சிரிப்பார்கள். இங்கே காது குத்தினால் பேனர், கட்சியில் கிளைப் பொறுப்பு கிடைத்தால் பேனர், செத்துப் போனால் கண்ணீர் சொட்டும் பேனர். சுலோசனா செய்தது புத்தி கெட்ட வேலை என்று இன்றைக்கு வாய் கிழியப் பேசுகிற அத்தனை பேரும் அன்றைக்கு அந்தப் பேனருக்குக் கீழே நின்று செல்ஃபி எடுத்தவர்கள்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

சுலோசனா உப்பளத்தில் உப்பு சுமக்கிறவள். அவள் புருஷன் அறிவழகன் அதே உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தான். பாத்தியில் நிற்கிற தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே, நாளைக்கு உப்பு வாரலாமா, இன்னும் ஒரு நாள் விடலாமா என்று சொல்லிவிடுவான். சொன்னால் தப்பாது. அந்தக் கண்ணுக்காகத்தான் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கிற ஒரு நாட்டிலிருந்து உப்புக் கம்பெனிக்காரர்கள் அவனைத் தேடி வந்தார்கள். அங்கேயும் கடல் இருந்தது, வெயில் இருந்தது, வெறும் மண் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. உப்பு விளைய வைக்கத் தெரிந்த ஆள்தான் இல்லை.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் முதலாளி. அந்த நாட்டு ஜனாதிபதியின் மச்சான். வலது கையில் புளியங்கொட்டை அளவுக்கு நீலக்கல் வைத்த மோதிரம் போட்டிருந்தார். காரை விட்டு இறங்கினால் கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வார். இன்னொருவன் லமீன், கம்பெனியில் மோட்டார், பம்ப் வேலையெல்லாம் பார்க்கிற இன்ஜினியர். உப்பளத்துக்குள் கால் வைக்கும்போது யாரும் சொல்லாமலே ஷூவைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு இறங்கினான். செருப்புக் காலோடு பாத்தியை மிதித்தால் தளம் கெட்டு உப்பு கறுத்துவிடும், புதிதாக வருகிற நம்மூர் அதிகாரிகளுக்கே அது தெரியாது. சுலோசனாவுக்கு அவனை அப்போதே பிடித்துப்போயிற்று.

பத்து நாள் தங்கினார்கள். முதலாளி புதுச்சேரி ஓட்டலில், லமீன் முக்கால்வாசி நேரம் இவர்கள் வீட்டில். சுலோசனா வைத்த கானாங்கெளுத்தி மீன் குழம்பைச் சாப்பிட்டுக் கண்ணில் தண்ணீர் விட்டு அழுதான், அழுதுகொண்டே இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னான். “அக்கா”, “போதும்”, “சாப்டீங்களா” என்று மூன்று வார்த்தை கற்றுக்கொண்டான். கிளம்புகிற நாளில் உப்பு அம்பாரத்துக்கு முன்னால் ஒரு போட்டோ எடுத்தார்கள். நடுவில் லமீன், ஒரு பக்கம் அறிவழகன், மறுபக்கம் முதலாளி. முதலாளியின் மோதிரக் கை லமீனின் தோளில் இருந்தது.

அறிவழகன் போனான். மூன்று வருஷம் நன்றாகத்தான் ஓடியது. நான்காவது வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை அந்த நாட்டு ராணுவம் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்தது. ஜனாதிபதி ஓடிப்போனார், மச்சானும் ஓடிப்போனார். கம்பெனிக்குச் சீல் வைத்தார்கள். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிப்பான் என்பார்கள். அங்கே தின்றவன் விமானம் ஏறிவிட்டான், விளைய வைத்தவன் மாட்டிக்கொண்டான். சைட்டுக்குப் பொறுப்பு என்று சொல்லி முதலாளி நீட்டிய காகிதத்திலெல்லாம் அறிவழகன் கையெழுத்துப் போட்டிருந்தான். எல்லாம் பிரெஞ்சில் எழுதியது. அவனுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். களவாணிக் குடும்பத்தின் கையாள் என்று சொல்லி அவனை ஒரு ராணுவ முகாமில் அடைத்துப்போட்டார்கள்.

காவலுக்கு நிற்கிற சிப்பாய் ஒருவன் இரக்கப்பட்டு, ஞாயிற்றுக்கிழமைதோறும் தன் போனைக் கொடுத்தான். நம் கணக்கில் சாயங்காலம் நாலு மணி. மூன்று நிமிஷம்தான். முதல் மாதம் “கவலப்படாத சுலோ” என்றவன், ஐந்தாம் மாதம் “கால்ல புண்ணு ஆற மாட்டுது” என்றான். எட்டாம் மாதம் பேச்சே குறைந்துபோய், இவள் பேசுவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். கலெக்டர் ஆபீஸ், எம்.எல்.ஏ. வீடு, சென்னையில் ஏதேதோ ஆபீஸ் என்று மனு கொடுக்காத இடமில்லை. அறிவழகனின் தம்பி சேட்டு செருப்புத் தேய அலைந்தான். உப்பு லாரிக்கு லோடு பிடித்துக் கொடுக்கிறவன், கட்சியில் வார்டுப் பொறுப்பு. வாய் ஜாஸ்தி, ஆனால் அண்ணன் என்றால் உயிரை விடுவான். மனு கொடுத்த இடத்திலெல்லாம் ஒரே பதில்தான். பார்க்கிறோம்.

அப்போதுதான் ஒரு செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டுக் கீதாஞ்சலி ஓடிவந்தாள். அவள் குயிலாப்பாளையத்தில் வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஒரு கெஸ்ட் ஹவுஸில் வேலை பார்க்கிறவள், செவ்வாய் மட்டும் வீட்டுக்கு வருவாள். வருகிறவர்களோடு பேசிப் பேசி அவளுக்குப் பிரெஞ்சு நன்றாகவே வரும். சுலோசனாவுக்காக அந்த நாட்டு டி.வி. செய்தியை போனில் பார்த்து வந்தாள்.

“அக்கா, புது மந்திரிசபை அறிவிச்சிட்டாங்க. இத்தப் பாரு.”

போனில் பச்சை யூனிஃபார்ம் போட்ட ஒருவன் நின்று லிஸ்ட் படித்துக்கொண்டிருந்தான். இருபத்து நாலு பேர். பாதிப் பேர் ராணுவம், பாதி சாதாரண ஜனங்கள். பதினெட்டாவதாக மீன்வளம், உப்பு. திரையில் வந்த முகம் லமீனுடையது.

சுலோசனா ஐயோ என்று கத்தியே விட்டாள். தெரு கூடிவிட்டது. எந்தத் தொகுதியில் ஜெயித்தான் என்று எதிர் வீட்டுத் தனகோடி கேட்டார்.

“தொகுதியும் இல்ல, எலெக்‌ஷனும் இல்ல. ராணுவம் வச்ச மந்திரிசபை. இடைக்கால அரசாங்கம்னு பேரு.”

“ஓட்டு வாங்காத எப்பிடிம்மா மந்திரி?”

“லிஸ்ட்டுல பேரு படிச்சா மந்திரி, படிக்கலன்னா இல்ல. அவ்ளோதான். இது ரெண்டாவது லிஸ்ட்டு. மொத லிஸ்ட்டுல இருந்தவங்கள ஆறே மாசத்துல தூக்கிட்டாங்க. மக்களுக்கு நல்லவனாத் தெரியற மூஞ்சி நாலு வேணும்னு இப்ப உப்புக் கம்பெனித் தொழிலாளிங்க சங்கத்துலேர்ந்து லமீன் அண்ணனைப் போட்டிருக்காங்க” என்றாள் கீதாஞ்சலி.

அந்தப் பேச்சு யார் காதில் ஏறியது? மந்திரி என்ற ஒரு சொல்தான் ஏறியது. எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சுலோசனா வயிறாரச் சாப்பிட்டாள்.

வியாழக்கிழமை தெரியாத நம்பரிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. “அக்கா, சாப்டீங்களா” என்று தொடங்கி, அப்புறம் முழுக்கப் பிரெஞ்சு. குரலைக் கேட்டதுமே லமீன் என்று தெரிந்தது. அப்போதே ஈசிஆரில் பஸ் பிடித்து, கூனிமேட்டைத் தாண்டி, குயிலாப்பாளையத்துக்குப் போய்க் கெஸ்ட் ஹவுஸின் பின்பக்கம் துணி காயப்போடுகிற இடத்தில் கீதாஞ்சலியைப் பிடித்தாள். அவள் போனைக் காதில் வைத்து இரண்டு தரம் கேட்டுவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்.

“‘அறிவுக்குக் கால் புண்ணுக்கு மருந்து போயிடுச்சு. வெளிநாட்டு ஆளுங்க பதினோரு பேரை ஊருக்கு அனுப்பறதுக்கு ஒரு லிஸ்ட் ரெடி பண்ணியிருக்கேன். ஏழாவது பேரு அவன். யாரோ ஒரு கூலியாள்ங்கற மாதிரி நடுவுல சேத்திருக்கேன். அடுத்த புதன்கிழமை மந்திரிங்க கூட்டம். ஆட்சியப் புடிச்ச ஜெனரல் கையெழுத்துப் போடணும். அதுவரைக்கும் உங்களுக்கு என்னைத் தெரியாது, எனக்கு அவனைத் தெரியாது. இவன் உனக்கு யாருன்னு கேட்டா, யாருமில்லன்னு நான் சொல்லணும். அத்த அவங்க நம்பணும். இந்த மெசேஜை அழிச்சிடுங்க.’”

கீதாஞ்சலி அவள் கையாலேயே அதை அழிக்க வைத்தாள். “அக்கா, நம்மூரு மந்திரி மாதிரி நெனைக்காத. அங்க மந்திரிங்க பயத்துல ராத்திரி வூட்லயே படுக்கறதில்லையாம். உன் வாயைக் கட்டு. இன்னும் ஆறே நாளு.”

“செத்தாலும் சொல்ல மாட்டேன்” என்றாள் சுலோசனா. மனதாரத்தான் சொன்னாள்.

ஊர் வந்து இறங்கினால் பஸ் ஸ்டாண்டில் சேட்டு நின்றிருந்தான். எட்டு மாதம் நாயாய் அலைந்தவனிடம் இதை மறைப்பது எப்படி? அவனிடம் மட்டும் சொன்னாள். அவன் அங்கேயே அழுதுவிட்டான். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்ததும் அவனுக்கு வந்த யோசனைதான் பேனர்.

“யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொல்லியிருக்காரு, சேட்டு.”

“அங்க தெரியக் கூடாதுன்னு சொல்லியிருப்பாரு, அண்ணி. நாம இங்கதானே வைக்கப் போறோம்? தமிழ்ல எழுதறோம். அந்தூர்ல தமிழ் படிக்க எவன் இருக்கான்? இது நம்ம கலெக்டர் பாக்க, நம்ம எம்.எல்.ஏ. பாக்க. அந்த நாட்டு மந்திரியே நம்மாளுன்னு தெரிஞ்சா நம்ம ஃபைலுக்குக் கால் முளைக்குமா முளைக்காதா? அங்க அவர் தள்ளட்டும், இங்கேர்ந்து நாம தள்ளுவோம். நம்மூரு வி.ஏ.ஓ.வே நாலு தரம் சலாம் வச்சாத்தான் கையெழுத்துப் போடறான். அழுத புள்ளைக்குத்தானே பால்?”

சுலோசனா யோசித்தாள். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஒரு முழு ராத்திரி யோசித்தாள். வாயை மூடிக்கொண்டு இருந்து அவள் எதைக் கண்டாள் இதுவரை? ரேஷன் கார்டு வாய் பேசித்தான் வந்தது, பட்டா வாய் பேசித்தான் வந்தது. பெரிய நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குக் கீழே இருக்கிறவனை மறந்துபோகும், ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் அவள் பார்த்த உலகம். லமீன் நல்லவன். ஆனால் நல்லவனும் மறப்பான் அல்லவா? அதோடு இன்னொன்றும் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. எட்டு மாதமாக உப்பளத்தில் அவளைப் பார்க்கிறவர்கள் எல்லாம் ‘பாவம்’ என்றுதான் பார்த்தார்கள். ஒரு நாளாவது வேறு மாதிரி பார்க்க மாட்டார்களா என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் தன் போனிலிருந்து அந்தப் போட்டோவை எடுத்துச் சேட்டுவுக்கு அனுப்பினாள். லமீன் இவர்களோடு இருக்கிற ஒரே போட்டோ அதுதான்.

“அந்த மொதலாளியை எடுத்துடச் சொல்லு. ஓடிப்போனவன் மூஞ்சி வேணாம்” என்றாள். அந்த அளவுக்குப் புத்தி இருந்தது.

ஃப்ளெக்ஸ் கடைக்காரன் முதலாளியை வெட்டி எடுத்துவிட்டான். லமீனின் தோளில் இருந்த கையை எடுத்தால் தோளும் சேர்ந்து போகும் என்று அதை மட்டும் விட்டுவிட்டான். மணிக்கட்டு வரைக்கும் ஒரு கை, விரலில் நீலக்கல். மாதிரிப் படம் போனில் வந்தபோது சுலோசனா அந்த மோதிரத்தைப் பார்த்தாள். கைதானே, மூஞ்சி இல்லையே என்று விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை ஈசிஆர் திருப்பத்தில் பேனர் ஏறியது. பன்னிரண்டடி உயரம். ‘மாண்புமிகு அமைச்சர் லமீன் அவர்களே வருக! எங்கள் அண்ணன் அறிவழகனின் உயிர்த்தோழரே! உங்கள் பொற்கரங்களால் எங்கள் அண்ணனை மீட்டுத் தருக!’ கீழே ஸ்டாம்பு சைஸில் பதினெட்டுத் தலைகள், முதல் தலை சேட்டு. பட்டாசு வெடித்தார்கள். தெரியாதவர்கள்கூட வண்டியை நிறுத்தி, இது யாருடா நம்மூரில் ஆப்பிரிக்கா மந்திரி என்று கேட்டுப் போட்டோ எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது சுலோசனா பேனரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, வந்ததும் காட்டலாம் என்று வைத்துக்கொண்டாள். “புதன்கிழமை நல்ல சேதி வரும்” என்று மட்டும் சொன்னாள். அறிவழகன் பல மாதத்துக்குப் பிறகு சிரித்தான். திங்கட்கிழமை உப்பளத்தில் பெண்கள் அவளை மந்திரி அக்கா என்று கூப்பிட்டுக் கேலி செய்தார்கள். தலையில் கூடையோடு அவளும் சிரித்தாள். அந்த ஒரு நாள்தான் அவள் சிரித்தது.

அன்றைக்கு மத்தியானம் கீதாஞ்சலி போன் பண்ணினாள்.

“அக்கா, இன்னா காரியம் பண்ணி வச்சிருக்க?”

நடந்தது இதுதான். கெஸ்ட் ஹவுஸில் தங்கியிருந்த பிரெஞ்சுக்காரன் ஒருவன் மகாபலிபுரம் போகிற வழியில் பேனரைப் பார்த்து, இது யார் என்று அங்கே நின்றவர்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வேடிக்கையாகப் போட்டோ எடுத்திருக்கிறான். தென்னிந்தியாவில் உப்பளக்காரர்கள் எந்த நாட்டு மந்திரிக்கு வாழ்த்துப் போடுகிறார்கள் பாருங்கள் என்று ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறான். அது ஒரே நாளில் அந்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

“தமிழ்லதானே இருக்குது, கீதா? அவங்களுக்கு இன்னா புரியும்?”

“எழுத்தை எவன் படிச்சான்? அந்தக் கை யாருதுக்கா? அந்த மோதிரத்தை அந்த நாட்டுல சின்னக் கொழந்தைக்குக்கூட தெரியுமாம். பழைய ஜனாதிபதி மச்சான் மோதிரம். அது லமீன் தோள் மேல இருக்குது. பக்கத்துல உம் புருஷன் நிக்கறாரு. பதினோராயிரம் பேர் ஷேர் பண்ணியிருக்காங்க. கீழ எல்லாரும் ஒரே கேள்விதான் கேக்கறாங்க. மந்திரிக்கு இவன் யாருன்னு.”

சுலோசனா போனைக் கீழே வைக்கவில்லை, அது தானாக நழுவிப் பாத்தியில் விழுந்தது. உப்புத் தண்ணீரிலிருந்து அதை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டே ஓடினாள். வெறுங்காலோடு தார் ரோட்டில் ஓடி, திருப்பத்துக்குப் போய், சவுக்குக் கம்பத்தில் ஏறப் பார்த்தாள். முடியவில்லை. கீழே நின்று இரண்டு கையாலும் இழுத்தாள். சேட்டு ஓடிவந்து “அண்ணி, அண்ணி” என்றான். அவன் சட்டையைப் பிடித்து அறைந்தாள். அப்புறம் தன் வாயிலேயே நாலு அறை அறைந்துகொண்டாள். பார்த்தவர்கள் பேய் பிடித்துவிட்டது என்றார்கள். சேட்டுதான் மேலே ஏறிக் கயிற்றை அறுத்தான்.

அறுத்து என்ன பிரயோசனம்? ரோட்டில் இருந்த பேனரைத்தான் இறக்க முடிந்தது.

புதன்கிழமை கீதாஞ்சலி லீவு போட்டுவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அதே யூனிஃபார்ம்காரன் டி.வி.யில் வந்தான். அதே மாதிரி முகத்தில் ஒரு அசைவும் இல்லாமல் படித்தான். மீன்வளம், உப்புத் துறைக்குப் புதிதாக ஒரு கர்னலின் பெயர். லமீனை ஏன் நீக்கினார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அப்படி ஒருவன் இருந்ததாகவே அவன் காட்டிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகு நல்லெண்ண அடிப்படையில் ஊருக்கு அனுப்பப்படுகிற வெளிநாட்டவர் பெயர்களைப் படித்தான். கீதாஞ்சலி விரல் விட்டு எண்ணினாள்.

“பத்து பேரு” என்றாள்.

விட்டுப்போன பெயர் யாருடையது என்று சுலோசனா கேட்கவில்லை. கேட்காமலே அவளுக்குத் தெரிந்தது. கைக்கு எட்டியதைத் தன் கையாலேயே தட்டிவிட்டவளுக்கு யார் வந்து என்ன சொல்ல வேண்டியிருக்கிறது?

மறுநாள் கோடைமழைக்கு மேகம் கட்டியது. உப்பு அம்பாரத்தை மூடப் பழைய ஃப்ளெக்ஸ் எங்கே கிடைக்கும் என்று எல்லோரும் ஓடினார்கள். யாரோ சேட்டுவின் வீட்டிலிருந்து அதைத் தூக்கி வந்துவிட்டார்கள். சுலோசனா தடுக்கவில்லை. படம் இருக்கிற பக்கத்தை உள்ளே திருப்பிப் போட்டு, நாலு மூலையிலும் கல் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை போன் இனி எங்கே வரப்போகிறது என்றுதான் இருந்தாள். ஆனால் நாலு மணிக்கு போன் அடித்தது.

“சுலோ.” அவனுக்கு மூச்சு வாங்கியது. “லமீனை இங்கயே கொண்டாந்து போட்டுட்டாங்க. என் ரூம்லயே.”

அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“ரொம்ப அடிச்சிருக்காங்க. ஒரு கண்ணு தெறக்க முடியல. தண்ணி குடுத்தா வாங்க மாட்டறான். நம்ம உப்பளத்துல எடுத்த போட்டோ எப்பிடியோ வெளிய வந்துடுச்சாம். என் போனைத்தான் பட்டாளத்துக்காரன் புடுங்கி வச்சிருக்கானே, அதுல இருந்த போட்டோவ உயிருக்குப் பயந்து நாந்தான் காட்டிக் குடுத்துட்டேன்னு நெனைக்கறான். மூணு நாளா செவுத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்திருக்கான், சுலோ. நான் இல்லடா, எம் பொண்டாட்டி மேல சத்தியம்னு சொல்லிட்டேன். நம்ப மாட்டறான்.”

“ஏங்க...”

“அந்த போட்டோ என்கிட்டயும் உன்கிட்டயும்தான் இருந்திச்சு. நீ யாருக்கும் குடுக்கலல்ல?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆயிரக்கணக்கான மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்கு எப்படித் தெரியப்போகிறது? ஆனால் இரண்டு பேர் ஓர் அறையில், ஒருவன் முகத்தை ஒருவன் பார்க்காமல் கிடக்கிறார்கள். இவள் மேல் செய்த சத்தியம் அந்த அறையில் நிற்கிறது.

“நாந்தாங்க குடுத்தேன்” என்றாள். “நீங்க சீக்கிரம் வரணும்னு, மந்திரியாச்சேன்னு, பேனர் வச்சோங்க. நாந்தான் போட்டோ குடுத்தேன்.”

அவன் திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. காவல்காரன் தூரத்திலிருந்து ஏதோ சொல்வது கேட்டது, நேரம் ஆகிவிட்டது.

“நான் இப்ப உள்ள போயி அவன்கிட்ட இன்னான்னு சொல்லட்டும், சுலோ?” என்றான்.

“அக்காதான் குடுத்தாங்கன்னு சொல்லுங்க. என்னைத் திட்டச் சொல்லுங்க. உங்க கையால தண்ணிய மட்டும் குடிக்கச் சொல்லுங்க” என்று கத்தினாள். அவள் சொல்லி முடிக்கும்போது லைன் இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை.